ஐந்து நட்சத்திரக்காரனும் ஒரு சக்கர நாற்காலியும்

பழைய பொருள் வாங்கி விற்கும் செயலியின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் செயலியில் நடந்த ஒரு மோசடி பற்றி மூன்று முறை புகார் எழுதினேன். மூன்றுக்கும் "உங்கள் நம்பிக்கையே எங்கள் பலம்" என்று ஒரே பதில். அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

வேலூரில் இருந்து உங்களுக்கு ஏன் இத்தனை விளம்பரம் வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வெளிமாநிலத்தில் இருந்து வருபவர்கள் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். அடுப்பு, கட்டில் வாங்குகிறார்கள், ஊர் திரும்பும்போது விற்கிறார்கள்.

என் மாடியில் தங்கியிருந்த வங்காளத்துப் பெரியவரும் அப்படித்தான். காட்பாடியில் ரயில் ஏற இரண்டு நாள் இருக்கும்போது, மனைவியின் சக்கர நாற்காலியை 4,500 ரூபாய்க்குப் போட்டார். வாங்குகிறேன் என்றவன் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வரும்" என்றிருக்கிறான். பணம் வாங்கப் பின் நம்பர் எதற்கு? நான் வீட்டில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். 4,500 போனது. "வரவில்லை, இன்னொரு தடவை போடுங்கள்" என்றான். மறுபடியும் 4,500. ராத்திரியே இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்தோம், பணம் திரும்பவில்லை.

பெரியவர் ஏமாளி இல்லை. அவன் பெயருக்குக் கீழே ஐந்து நட்சத்திரம், நாற்பது பேரின் பாராட்டு. "அவனுக்கு அஞ்சு ஸ்டார் இருந்ததே" என்பதையே ரயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலி இன்னும் என் மாடிப்படிக்குக் கீழேதான் நிற்கிறது.

அப்புறம்தான் அந்தப் பாராட்டுகளைப் படித்தேன். நாற்பதும் ஒரே வாரத்தில் எழுதியவை. என்ன பொருள் வாங்கினார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஐயா, பொருள் கைமாறியது உறுதியானவர் மட்டுமே நட்சத்திரம் போடும்படி செய்யுங்கள். அந்தக் கணக்கு இன்றும் இருக்கிறது. பெயர் மட்டும் வேறு, நட்சத்திரம் அப்படியே.

எங்கள் பொய்கை மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். ரசீதும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. ஆனால் கிழட்டு மாட்டை ஒருவர் தலையில் கட்டினால், அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தத் துண்டுக்குள் கைவிட ஆள் இருக்காது. பெயரை மாற்றிக்கொண்டு பக்கத்து மரத்தடியில் போய் நிற்கவும் முடியாது. உங்கள் சந்தையில் முகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நற்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். நல்ல வசதி!

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்தில் சொல்லி ஒரு மாதத்தில் தீர்க்கச் சொல்கின்றன. முதல் வேலையை நீங்கள் ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள், பாராட்டுகள். மாதம்தான் தாண்டிவிட்டது. இணைய மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 வெளியிட்டது. எழுதுபவர் உண்மையான ஆளா என்று சரிபார்க்கச் சொல்கிறது அது. கட்டாயமில்லை என்பதால் விட்டுவிட்டீர்களோ?

சரி, கோபத்தில் நிறைய பேசிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அந்தக் கணக்கை மூடுங்கள். வாங்கியவரும் விற்றவரும் தவிர வேறு யாரும் நட்சத்திரம் போட முடியாதபடி செய்யுங்கள். இந்த முறையாவது பதிலை ஒரு மனிதர் எழுதட்டும்.

இப்படிக்கு,
வேலூரில் மாடி வாடகைக்கு விடும் ஒருவர்