வடகடலுக்கு ஒன்று, தென்கடலுக்கு ஒன்று

தங்கச்சிமடம்,
ஆவணி, செவ்வாய் இரவு.

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மதினியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்திரையில் நீ எழுதிய கடிதம் மேசைமேலேயே கிடக்கிறது. பதில் இவ்வளவு தாமதமானதைப் பொறுத்துக்கொள். மூன்றாம் கூண்டு வாத்தியார் வைகாசியில் காலமானார். கடைசிவரை நினைவு தப்பவில்லை. உன்னைப் பற்றியும் கேட்டார். கச்சான் மகளுக்கு உச்சிப்புளியில் மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது, தையில் கல்யாணம். போன முறைபோல நீ கடைசி நேரத்தில் கப்பலைக் காரணம் காட்டினால் அவன் உன்னோடு பேசமாட்டான். போர்ட் பிளேயரில் மழை ஓயவே இல்லை என்று எழுதியிருந்தாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 300 சென்டிமீட்டர் பெய்யும் ஊரில் இருந்துகொண்டு, ஆண்டு முழுவதற்கும் 80 சென்டிமீட்டரைப் பார்ப்பதே பெரிதாக இருக்கும் ஊர்க்காரனிடம் அந்தப் புலம்பல் செல்லாது.

இன்று எழுதுவதற்குக் காரணம் போன சனிக்கிழமை நம் துறையில் நடந்தது. மன்னார் வளைகுடாவிலும் அதை ஒட்டிய குமரிக்கடலிலும் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும் என்று, உனக்கும் எனக்கும் மனப்பாடமாகிவிட்ட அந்த அறிவிப்பு வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிட்டது. கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது என்றார்கள். விசைப்படகு கடலுக்குப் போவதே வாரத்தில் மூன்று நாள். அதில் ஒரு நாள் கரையிலேயே போனது. ஐஸ் ஏற்றி, டீசல் அடித்து, ஆள்கூட்டி வைத்திருந்தவர்கள் விடிந்ததும் வடகரையில் நின்று பார்த்தால், கடல் அசையாமல் கிடக்கிறது. பொழுது சாயும்வரை அப்படியே கிடந்தது. நம் படகுக்காரச் சம்மாட்டியின் பேரன், உனக்குத் தெரியும், வாய் அதிகம் பேசாத பிள்ளை, அவன் எல்லோர் முன்னாலும் சொன்னான்: இனிமேல் என்ன அறிவிப்பு வந்தாலும் கேட்கப்போவதில்லை, ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுவேன் என்று. யாரும் அவனைக் கண்டிக்கவில்லை. எனக்கு அதுதான் கலக்கமாக இருக்கிறது.

ஏனென்றால் அன்றைக்கு அறிவிப்பு பொய்யாகவில்லை. மதியத்துக்குமேல் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்கரையில் குந்துகால் போய்ப் பார்த்தேன். தென்கடல் வெளுத்து நுரைத்துக் கிடந்தது. கட்டிப்போட்ட வள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. நிற்கவே முடியாமல் மணல் முகத்தில் அடித்தது. ஒரு கடலுக்குச் சொன்னது உண்மை, அதே சொல்லை மற்றக் கடலுக்கும் சேர்த்துக் கட்டியதால் ஊர் முழுவதுக்கும் அது பொய்யாகிவிட்டது.

நம் தீவைப் பற்றி உனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் தூரத்தில் இருப்பவனுக்கு ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். பாம்பனிலிருந்து அரிச்சல்முனைவரை நீளம் முப்பது கிலோமீட்டருக்குள்தான்; தனுஷ்கோடிப் பக்கம் போனால் ரோட்டில் நின்றபடியே இரண்டு கடலையும் பார்த்துவிடலாம். வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவில் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்டது. ஐப்பசி தொடங்கி வாடை அடித்தால், அந்த ஆழமில்லாத நீரில் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் எழுந்து நாட்டுப்படகை நிமிரவிடாது. தெற்கே மன்னார் வளைகுடா இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்து கிடப்பதால், வைகாசியிலிருந்து ஆவணிவரை தென்மேற்குக் காற்றில் அது கொந்தளிக்கும். அப்போது வடகடல் நிலத்தின் மறைவில் அடங்கியிருக்கும். ஒன்று பொல்லாததாகும்போது மற்றொன்று சோறு போடும் என்ற நம்பிக்கையில்தான் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படகையும் வலையையும் பருவத்துக்குப் பருவம் கரை மாற்றிப் பிழைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு மாவட்டத்தின் பெயரைப் போட்டு ஒரே வரியில் வானிலை சொன்னால் எப்படிப் போதும்? பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்றுமானி இருந்தது உனக்கு நினைவிருக்கும். காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. அந்த இடத்தில், அந்த நேரத்தில் அடிக்கும் காற்றை அளந்து ரயிலை நிறுத்தினார்கள். படகுக்காரனுக்கும் அதே நியாயத்தைத்தான் நான் கேட்கிறேன்.

கணிப்பவர்கள்மேல் பழி போடுவது சுலபம், அதை நான் செய்யமாட்டேன். கொஞ்ச நாளாக இதைப் பற்றியே தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கடலையும் நிலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்றும் மழையும் இவ்வளவு என்று கணினி கணக்கிடுகிறது. அண்மைவரை நம் நாட்டின் உலகளாவிய கணிப்பில் அந்தக் கட்டம் 12 கிலோமீட்டர்; 2025 மே மாதத்திலிருந்து 6 கிலோமீட்டராகச் சுருக்கியிருக்கிறார்கள். 12 கிலோமீட்டர் கட்டத்தில் தங்கச்சிமடத்தின் வடகரையும் தென்கரையும் ஒன்றாகவே அடங்கிவிடும். தனுஷ்கோடி மணல்திட்டு கடலோடு கடலாகப் போய்விடும். ரேடாரும் அப்படித்தான். காரைக்கால் ரேடார் நமக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால், அங்கிருந்து புறப்படும் ரேடியோ அலை நம் தலைக்குமேல் வரும்போது சில கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. தாழ்வாகத் திரளும் மேகம் அதன் கண்ணில் படாது. இராமநாதபுரத்திலேயே ஒரு ரேடார் அமைக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்த செய்தியை வெட்டி டைரியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

2024 நவம்பர் 20-ஆம் தேதி நீ இங்கே இருந்திருக்க வேண்டும். முற்பகலுக்குப் பிறகு பாம்பனில் மூன்றே மணி நேரத்தில் 19 சென்டிமீட்டர் கொட்டியது. மறுநாள் காலைக் கணக்கில் பாம்பனில் 28, நம் ஊரில் 34, ராமேஸ்வரத்தில் 44 சென்டிமீட்டர். ஒரு நாளில் 20-ஐத் தாண்டினாலே அதி கனமழை என்று சொல்கிறார்கள். இங்கே ஆண்டு மழையில் பாதி ஒரே நாளில் வந்து விழுந்தது. நம் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் அண்டாக்கள் மிதந்தன. அந்தச் சிறிய இடத்தில், அந்தச் சில மணி நேரத்தில் மேகம் அப்படி இறங்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் நேர்மாறாக நடந்தது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திரிகோணமலையைக் கடந்து பாம்பனை நெருங்கியபோது ஊரே மூட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அது மன்னார் வளைகுடாவுக்கு வந்து, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, இராமநாதபுரம் கரைக்கு அருகில் நகராமல் நின்று, அங்கேயே கரைந்துபோனது. மழையெல்லாம் காவிரிக் கழிமுகத்தில் பெய்தது. அன்றிலிருந்து புயல் என்றாலே இங்கே சிலருக்குச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1964 டிசம்பர்தான் நினைவுக்கு வருகிறது. நம் இருவர் வீட்டிலும் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை, அதனால் அதிகம் எழுதவில்லை. அந்தப் புயல் பிறந்தது உன் பக்கத்துத் தெற்கு அந்தமான் கடலில், 17-ஆம் தேதி. இலங்கையைக் கடந்து 22-ஆம் தேதி இரவில் தனுஷ்கோடியின்மேல் ஏறியது. பாம்பனிலிருந்து கிளம்பிய ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. அந்த ஐந்து நாளில் பாதிச் செய்தி இந்தக் கரைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்து, வந்ததை மக்களும் நம்பியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று என் அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்குச் செய்தி வருகிறது. நம்பிக்கைதான் தேய்கிறது. அதிலும் கள்ளக்கடல் எச்சரிக்கையை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் தென்கரையில் ஏறும். ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவனிடம் கடலுக்குப் போகாதே என்றால், பழைய அனுபவத்தில் அவன் எப்படி நம்புவான்?

அதனால் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். ஐஸ் கம்பெனிச் சுவரில், நிழல் விழும் பக்கமாக, பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட கரும்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டியிருக்கிறேன். நடுவில் கோடு, இடப்பக்கம் வடகடல், வலப்பக்கம் தென்கடல். வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கை, இன்காய்ஸ் தரும் அலை உயரம், கடல் ஓசை வானொலியில் சொல்வது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, காற்று எந்தத் திசையில், எந்த மணியிலிருந்து, எவ்வளவு வேகம், அலை எத்தனை மீட்டர் என்று இரண்டு கடலுக்கும் தனித்தனியாக மாலையில் எழுதுகிறேன். அறிவிப்பு வந்த நேரத்தையும் போடுகிறேன். அதற்குக் கீழே, நடந்தது என்று ஒரு வரி. மறுநாள் கடலுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டு அதை நிரப்புகிறேன். பலித்ததும் பலிக்காததும் ஒரு வாரத்துக்கு அழியாமல் நிற்கும். எதற்கு வீணாக அவர்கள் தவறியதையும் எழுதுகிறாய் என்று கச்சான் சண்டைக்கு வந்தான். எத்தனை முறை பலித்தது என்று கண்ணால் பார்த்தால்தானே பலிக்காத ஒரு நாளைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று அவனிடம் சொன்னேன். முனகிக்கொண்டே போனான், மறுநாள் அவனே வந்து வடகடல் வரியை நிரப்பினான்.

நேற்று சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கும் பெண்கள் சிலர் வந்தார்கள். ஒருத்தி விரலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டே பலகையை மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு, காற்று கிடக்கட்டும் அண்ணே, தண்ணி தெளிஞ்சிருக்குமா கலங்கலா இருக்குமா என்று கேட்டாள். தண்ணீர் கலங்கியிருந்தால் அவர்களுக்கு அடியில் கண் தெரியாது, கை பாறையில் கிழியும், அன்றைய கூலி போகும். அதை முன்கூட்டிச் சொல்லும் அறிவிப்பு எதையும் நான் பார்த்ததில்லை. குந்துகாலில் முந்தின நாள் இறங்கியவர்களைக் கேட்டு எழுதுவது என்று முடிவு செய்து, தென்கடல் பக்கத்தில் தண்ணீர் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

உன்னிடமும் ஒன்று கேட்கிறேன், தட்டாதே. ஐப்பசி பிறந்ததும் தெற்கு அந்தமான் கடலில் தாழ்வுப் பகுதி என்று செய்தி வரத் தொடங்கும். அப்படிச் செய்தி வரும் நாள்களில் உன் வீட்டு வாசலில் காற்று எந்தப் பக்கம், மழை எப்படி, துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று இரண்டே வரி வாட்ஸ்அப்பில் போடு. துறையின் கணிப்புக்கு அது மாற்றாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நம் ஊர்ப் பையன் ஒருவன் அங்கே நின்று பார்த்துச் சொல்கிறான் என்றால் சம்மாட்டியின் பேரன் காது கொடுப்பான். அவனுக்கு நீ தூக்கி வளர்த்த மாமன். முடிந்தால் நீயே அவனுக்குப் போன் பண்ணிப் பேசு. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

சுண்ணக்கட்டி எழுத்து சாரலில் கரைகிறது. கட்டங்களையும் தலைப்புகளையும் படகுக்கு அடிக்கும் பெயின்டில் எழுதித் தருவதாகச் சம்மாட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார், வெள்ளிக்கிழமை வேலை. தைக் கல்யாணத்துக்குக் கப்பல் டிக்கெட்டை இப்போதே பார்த்துவிடு. மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சுக்கான்