கோயில் கணக்கு அந்தரங்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. கோயில் அன்னதானத்தில் கூடுதலாகச் சோற்றுப் பொட்டலம் வாங்கினார் என்று ஒரு பெண்மணியைக் கைப்பேசியில் படம்பிடித்து, யாரோ டிக்டாக்கில் போட்டுவிட்டார். முகம் தெளிவாகத் தெரிகிறது. தோட்டம் துண்டாடப்பட்டதும் லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த குடும்பம் அது. படுக்கையில் கிடக்கும் கணவருக்கும் பேரனுக்கும்தான் அந்தச் சோறு. அதை விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. இப்போது அவர் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குக்கூட வருவதில்லை. படம் போட்டவரைக் கேட்டால், “பொது இடம்தானே, எனக்குப் பேச்சுச் சுதந்திரம் இருக்கிறது” என்கிறார்.

அதே கோயிலில், மண்டபக் கூரைக்கு வசூலித்த பணம் என்னவாயிற்று என்று ஓர் இளைஞர் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டார். உடனே அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நிர்வாகத்தின் அந்தரங்கத்தில் தலையிட்டாராம்!

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தீர்ப்புகளை வாசிக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. நீதிபதிகள் பார்ப்பதற்கு நேர் தலைகீழாக நாம் பார்க்கிறோம்.

கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடப் போனபோது, அதில் தங்கள் பெயர் அடிபடும் என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைகள் பற்றி அவர் சம்மதமில்லாமல் எழுதக்கூடாது என்றது. ஆனால் பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். பொதுக் கடமையைச் செய்த விதத்தைப் பற்றி எழுதினால், உண்மையா பொய்யா என்று பாராமல் எழுதியதாக நிரூபித்தாலொழிய, அதிகாரி அந்தரங்கம் என்று வழக்காட முடியாது.

சரி, பொது இடம் என்ற வாதத்துக்கு வருவோம். மாடல் அழகி நவோமி கேம்பல் போதைப் பழக்கத்துக்கு உதவி தேடிக் கூட்டத்துக்குப் போய்வந்தபோது, ஒரு லண்டன் பத்திரிகை அவரைத் தெருவில் வைத்துத்தான் படம் எடுத்தது. போதைப்பொருளைத் தொட்டதே இல்லை என்று அவர் ஊரறியச் சொல்லியிருந்ததால், அது பொய் என்று எழுதப் பத்திரிகைக்கு உரிமை உண்டு. ஆனால் சிகிச்சை விவரமும் படமும் அத்துமீறல் என்று 2004-இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அவ்வளவு புகழ் பெற்றவருக்கே அப்படியென்றால், சோற்றுப் பொட்டலம் வாங்கியவருக்கு?

நம் மலேசியாவில் விஷயம் இன்னும் இழுபறிதான். பாலர் பள்ளிப் பிள்ளைகளின் படத்தை விளம்பரத்தில் போட்ட வழக்கில், அந்தரங்கத்துக்காக இங்கே வழக்குத் தொடர முடியாது என்று 2004-இல் உயர் நீதிமன்றம் கைவிரித்தது. அப்புறம், சிவராசா ராசையா வழக்கில் நீதிபதி கோபால் ஸ்ரீராம், அரசமைப்பின் 5-வது விதி சொல்லும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று எழுதினார். (வழக்கு என்னவோ வழக்கறிஞர் மன்றப் பதவி பற்றியது!) சிகிச்சையின்போது அனுமதியில்லாமல் நோயாளியைப் படம் எடுத்த மருத்துவர் மீது வழக்குத் தொடரலாம் என்று 2010-இல் பினாங்கு உயர் நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ வணிகப் பரிவர்த்தனைகளுக்கு மட்டும்தான். எங்கள் ஊர்ப் பெண்மணிக்கு அதனால் பயனில்லை. வழக்கறிஞர் வைத்து வாதாடவும் அவரிடம் வசதி கிடையாது.

கோயில் நிர்வாகத்துக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. பதிவு பெற்ற சங்கம் ஆண்டுதோறும் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்பியே ஆகவேண்டும். அங்கே அனுப்பும் கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டுவதற்கு என்ன தயக்கம்?

திருவிழாவுக்கு உங்கள் நிருபர் வருவார். அன்னதான வரிசையைப் படம் எடுத்தால் முகங்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கூரைக் கணக்கை மட்டும் தலைவரிடம் கேட்டு, அவர் பதிலைப் பெயரோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
சுங்கை சிப்புட், பேராக்