50 வரை எண்ணினால் சத்தம் வரும்

டைட்டஸ்வில், ஃபுளோரிடா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் தனியாக எழுதுங்கள். போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று அம்மாவே போனை வாங்கிச் சொல்லிவிடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டதற்குப் போனில் பதில் சொல்லி முடியவில்லை. ஸ்பீக்கரில் வேறு போட்டுவிட்டீர்கள். மணப்பாட்டு மாமா ஒரு பக்கம் சத்தம் போட, தம்பி இன்னொரு பக்கம் விஞ்ஞானம் பேச, நான் சொன்னது யார் காதிலும் விழுந்திருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. ராக்கெட் விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாயே, பயமில்லையா? நம் குலசையில், அதாவது குலசேகரன்பட்டினத்தில், ராக்கெட் தளம் வந்தால் நாங்கள் பயப்பட வேண்டுமா? முதல் கேள்விக்குப் பதில் லேசு. வந்த புதிதில் பயந்தேன், இப்போது இல்லை. இரண்டாவதற்குத்தான் இத்தனை பக்கம்.

இந்த வீட்டுக்கு வந்த ஒன்பதாவது நாள். மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன், பையன் தூங்கிக்கொண்டிருந்தான். டமார், டமார் என்று அடுத்தடுத்து இரண்டு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அலமாரியில் இருந்த தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சிலிண்டர் வெடித்துவிட்டது என்று பையனைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் இருப்பது கரண்ட் அடுப்பு, சிலிண்டரே கிடையாது என்பது அந்த நேரத்தில் எப்படி ஞாபகம் வரும்? எதிர்வீட்டுப் பெரியவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். வானத்தைக் கைகாட்டி, "லேண்டிங்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மறுபடியும் ஹோஸைப் பிடித்துக்கொண்டார்.

மேலே போன ராக்கெட்டின் அடிப்பாகம் திரும்பி வந்து தரையில் நிமிர்ந்து இறங்குகிறது, அப்பா. சாட்டிலைட் கொண்டுபோன ராக்கெட்டை 2015 டிசம்பரில் முதல்முதலாக இங்கேதான் அப்படி இறக்கினார்கள். ஒலியைவிட வேகமாக வருவதால் வருகிற அதிர்வுதான் அந்தச் சத்தம். வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தவர் குப்பை வண்டி வரும் நாள், புல் வெட்ட வேண்டிய முறை, கார் நிறுத்தக் கூடாத இடம் எல்லாம் அரைமணி நேரம் விளக்கினார். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு கேட்டபோது, "எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன்" என்றார். அந்த வெடிச்சத்தத்துக்கு வந்ததைவிட அவர் பதிலுக்குத்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

சரி, ஊரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கரை. நடுவில் இண்டியன் ரிவர் என்கிற காயல். அதற்கு அந்தப் பக்கம் கேப் கனாவெரல். 1950 ஜூலையிலிருந்து அங்கே ராக்கெட் விடுகிறார்கள். கிழக்கே முழுக்கக் கடல். பூமி சுழல்கிற திசையும் அதுதான், தவறினால் விழுகிற இடமும் அதுதான். இப்போது எண்ணிக்கை தாறுமாறாகக் கூடிவிட்டது. 2024இல் மட்டும் 90க்கும் மேல். இந்த வட்டாரத்து டெலிபோன் ஏரியா கோடு நம்பர்கூட 321தான். கவுண்ட் டவுனாம். இதையெல்லாம் வேலை மெனக்கெட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்!

ராத்திரி லாஞ்ச் என்றால் காயலின் தண்ணீர் முழுக்க ஒரு நிமிஷம் ஆரஞ்சு நிறமாகிவிடும். ஆனால் சத்தம் இருக்காது. தளம் எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 19 கிலோமீட்டர். வெளிச்சத்தைப் பார்த்ததும் பையன் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவான். 50ஐத் தாண்டியதும் சத்தம் வந்து சேரும். அது காதில் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் கேட்கும்.

இங்கேயும் ஆளுக்கொரு பேச்சுதான். பணக்காரர்களின் விளையாட்டு, இந்தப் பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரே அதில்தான் சாப்பிடுகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் இரண்டாவது கட்சி. ஸ்பேஸ் ஷட்டிலின் அடியில் சூடு தாங்க ஓடு ஒட்டுவார்களே, அந்த வேலை பார்த்தவர். ஒரு ஷட்டிலுக்கு 24,000 ஓடுக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர். கையில் எடுத்தால் தெர்மகோல் மாதிரி கனமே இருக்காது என்பார். 2011இல் ஷட்டில் நின்றதும் அவருக்கும் வேலை போனது. உங்கள் மருமகன் கேட்பார், "அப்படியும் ஏன் ராக்கெட்டை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார்?" என்று. எனக்குப் புரிகிறது. ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் நீங்கள் விடுவீர்களா?

ஆனால் சேலஞ்சர் என்கிற ஷட்டில் வானத்தில் சிதறியதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் முகம் மாறிவிடும். 1986 ஜனவரி 28, கிளம்பிய 73ஆவது விநாடி. ஏழு பேர், அதில் ஒருவர் பள்ளி ஆசிரியை. அன்றைக்கு இங்கே அபூர்வமான குளிர். பூஸ்டர் இணைப்புகளில் இருக்கிற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும், நாளைக்கு விடாதீர்கள் என்று எஞ்சினியர்கள் முந்தின ராத்திரியே சொல்லியிருக்கிறார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. "ரப்பர் வளையம் எங்களுக்குப் புதுசில்லை, சொன்னதைக் கேட்காததுதான்" என்று முடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராக்கெட் வெடிக்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வெடிக்கும். 1997 ஜனவரியில் இங்கே ஒரு டெல்டா ராக்கெட் கிளம்பி 13ஆவது விநாடியில் வெடித்து, எரிகிற துண்டுகள் தளத்தைச் சுற்றி மழையாகக் கொட்டின. நிறுத்தியிருந்த கார்கள் எரிந்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம் என்று சொல்லலாம்தான். ஆனால் வெடிக்கும் என்று முதலிலேயே எண்ணி ஆட்களை வெளியே வைக்காமல் இருந்திருந்தார்களே, அது அதிர்ஷ்டமில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலும் அப்படித்தான். 2010 கிறிஸ்துமஸ் அன்று நம் ஜிஎஸ்எல்வி ராக்கெட் தடம் மாறியதும் தரையிலிருந்தே கட்டளை கொடுத்து அழித்தார்கள், துண்டுகள் கடலில் விழுந்தன. தானே கட்டிய ராக்கெட்டைத் தானே சிதறடிக்கிற பொத்தான் ஒன்று இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. இங்கே பல ராக்கெட்டுகளில் அந்தப் பொத்தானை இப்போது மனிதர் அழுத்துவதில்லை, ராக்கெட்டிலிருக்கிற கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. உங்கள் மருமகனுக்கு அது நிம்மதி, எனக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் அரை விநாடியில் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மனிதரைவிட அது மேல் என்பதையும் மறுக்க முடியவில்லை.

தலைக்கு மேலே விழாதா என்று அம்மா கேட்டாள். விழுந்திருக்கிறது. இதே ஃபுளோரிடாவில் நேப்பிள்ஸ் என்கிற ஊரில், 2024 மார்ச் 8ஆம் தேதி, விண்வெளி நிலையத்திலிருந்து கழித்துவிட்ட பழைய பேட்டரிச் சாமானில் ஒரு துண்டு வீட்டுக்கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கியது. 700 கிராம்தான். காற்றில் எரிந்து சாம்பலாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், எரியவில்லை. யாருக்கும் அடி இல்லை. ஸ்கைலாப் என்கிற அமெரிக்க விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று 1979இல் ஊரே நடுங்கிய கதையை நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! கடைசியில் அது இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் போய் விழுந்தது. அங்கே எஸ்பரன்ஸ் என்ற ஊர் நிர்வாகம், குப்பை போட்டதற்கு என்று நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியதாம். உங்கள் கதையில் அந்தப் பகுதி இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தத் தொழிலில் செத்தவர்கள் பட்டியலைப் பார்த்தால், தெருவில் போனவர்களைவிட உள்ளே வேலை பார்த்தவர்கள்தான் அதிகம். 2003 ஆகஸ்டில் பிரேசில் அல்கன்டாராவில் தளத்திலேயே தீப்பிடித்து 21 பேர். 2004 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருள் தீப்பிடித்து ஆறு பேர். குலசையில் வரப்போகிற எஸ்எஸ்எல்வி சின்ன ராக்கெட்தான், 34 மீட்டர், 120 டன். இங்கே அடிக்கடி போவது 70 மீட்டர், 550 டன் பக்கம். ஆனால் எஸ்எஸ்எல்வியின் மூன்று அடுக்கும் திட எரிபொருள். பற்றவைத்தால் அணைக்க முடியாது. நம் ஊர்ப் பையன்கள் அங்கே கான்ட்ராக்ட் வேலைக்குப் போவார்கள் இல்லையா? பயப்பட வேண்டுமென்றால் முதலில் அவர்களுக்காகப் பயப்படுங்கள். யார் பயிற்சி கொடுப்பது, அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

குலசையை ஏன் பிடித்தார்கள் என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் வழியில் இலங்கை குறுக்கே வரும், வளைந்து போக வேண்டும், அதற்கே எரிபொருள் செலவாகிவிடும். சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். காரணம் சரியான காரணம். ஆனால் அந்தக் கடலைக் காலியான கடல் என்று வரைபடத்தில் பார்ப்பவர்கள் சொல்லலாம். கடலுக்குப் போகிற மாமா சொல்வாரா?

இங்கே 2024 அக்டோபரில் மில்டன் புயல் எங்கள் தலைக்கு மேலேதான் கடலுக்குள் போனது. அன்று சாயங்காலம் சூறாவளி எச்சரிக்கை வந்து எல்லார் செல்போனும் ஒரே நேரத்தில் அலறின. சைலன்ட்டில் போட்டிருந்தாலும் அலறும். ஜன்னல் இல்லாத குளியலறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அப்போது எனக்கு ஒக்கி புயல்தான் ஞாபகம். 2017 நவம்பர் கடைசியில், பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சேதி சொல்லவில்லை. மேலே சாட்டிலைட் இருந்தது. கீழே படகில் இருந்தவருக்குச் சொல்ல ஒரு வழி இல்லை. ராக்கெட் எதற்கு என்று கேட்கிறவர்களிடம் புயலைப் பார்க்க என்று நான் சொல்வேன். பார்த்ததைச் சொல்லாவிட்டால் எதற்கு என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் பதில் இல்லை.

அதனால் தளத்தைப் பற்றிக் கூட்டம் போட்டால் அதில் வெடிக்குமா வெடிக்காதா என்று கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். இதைக் கேளுங்கள். லாஞ்ச் என்றால் எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள், எந்த வழியில் சொல்வீர்கள்? ஏற்கெனவே கடலில் இருக்கிற வள்ளத்துக்கு எப்படிச் சேதி போகும்? தேதி தள்ளிப்போனால், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொழிலுக்குப் போகாதே என்றால், அந்த நாட்களின் வருமானத்துக்கு யார் காசு கொடுப்பது? இதை வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள். "எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தோம்" என்று பிறகு யாரும் சொல்ல இடம் வைக்காதீர்கள். மனுவை நீங்களே எழுதுங்கள், தம்பியை எழுதவிட்டால் பாதி சினிமா வசனமாக இருக்கும்.

ஏப்ரலில் நீங்களும் அம்மாவும் வரும்போது ஒரு லாஞ்சாவது பார்த்துவிட வேண்டும் என்று சொன்னீர்கள். லாஞ்ச் தேதியைப் பார்த்து டிக்கெட் போட வேண்டாம், அப்பா. அது நம்ம ஊர் பஸ்ஸைவிட மோசம். போன மாதம் பையனைக் கூட்டிக்கொண்டு, மடக்கு நாற்காலியோடு மூன்று நாள் மேக்ஸ் ப்ரூவர் பாலத்துக்குப் போனேன். முதல் நாள் மேலே காற்று சரியில்லை என்றார்கள். இரண்டாம் நாள் ஏதோ வால்வு. மூன்றாம் நாள் எல்லாம் சரி, கவுண்ட் டவுன் ஓடிக்கொண்டிருக்கிறது, பையன் எண்ணுவதற்கு விரலை மடக்கித் தயாராக நிற்கிறான், நிறுத்திவிட்டார்கள். என்னவென்று பார்த்தால், தடை செய்த கடல் பகுதிக்குள் ஒரு படகு புகுந்துவிட்டதாம். 2022இல் ஒரு பெரிய பயணிகள் கப்பலே இப்படிப் புகுந்து லாஞ்சைத் தள்ளிவைக்க வேண்டியதானது என்று பாலத்தில் நின்ற ஒருவர் சொன்னார். எங்கள் நாளில் வந்தது சின்ன மீன்பிடிப் படகு. அது வெளியே போகிறவரை 70 மீட்டர் ராக்கெட் அப்படியே நின்றது, பிறகு நேரமாகிவிட்டது என்று அவர்களும் வீட்டுக்குப் போனார்கள், நாங்களும் போனோம்.

இதை மட்டும் மணப்பாட்டு மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்