வேலி அடைத்துத் தந்த எல்லோருக்கும்

எங்கள் ஒழுங்கைச் சனங்களுக்கும், தூரத்திலிருந்து வந்து கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

போன கிழமை கடைசிக் குறுக்கு வரிச்சும் கட்டியாகிவிட்டது. பின்வளவுத் தோட்டத்தைச் சுற்றி வேலி நிற்கிறது. ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் வந்து நின்று நன்றி சொல்லத்தான் ஆசை. வந்து உதவியவர்களில் பாதிப்பேர் திரும்பவும் வேலைக்கென்று வேறு ஊர்களுக்குப் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்த மடல்.

1990 இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதினொரு வயது. 2017 இல் எங்கள் பக்கத்துக் காணிகள் இராணுவத்திடமிருந்து விடுபட்டு உள்ளே வந்து பார்த்தால், வீட்டில் சுவர் மட்டும் இருந்தது. எங்கும் பற்றைக்காடு. எது எங்கள் எல்லை என்று தெரியாமல் நின்றோம். அப்போது அக்காதான் கையை நீட்டிக் காட்டினா: பற்றைக்கு மேலாக ஒரே நேர்கோட்டில் ஏழெட்டுப் பூவரசுகள். அவை அப்பு போட்ட கதியால்கள், வேலிக்காக உயிரோடு ஊன்றும் தடிகள். வருசாவருசம் கிளை வெட்டியிருந்தால் வேலியாகவே நின்றிருக்கும். 27 வருசம் ஒருவரும் தொடாததால் மரமாகிவிட்டன. அப்பு இன்று இல்லை. என்றாலும் முதல் நன்றி அவருக்குத்தான், எங்கள் எல்லையைக் காத்து வைத்தவை அவர் ஊன்றிய தடிகள்.

அடுத்தது, அந்தப் பற்றைக்குள் வெயிலில் முழங்காலில் இருந்து கண்ணிவெடி அகற்றிய பிள்ளைகளுக்கு. அவர்களில் பெண்பிள்ளைகள் நிறையப் பேர். இந்த வேலித் தூண்களுக்கு 16 குழி கிண்டினோம். ஒவ்வொரு குழிக்கும் அலவாங்கைப் பயமில்லாமல் ஓங்கினோம் என்றால் அது உங்களால். உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இந்த மடல் எப்படியாவது கண்ணில் பட வேண்டும்.

சரி, வேலிக்கு வருவோம். கத்தரியும் பயற்றையும் போட்டு, இரண்டு தடவை கட்டாக்காலி மாடுகள் ஒரே இரவில் மேய்ந்துவிட்டுப் போயின. மதில் கட்டச் சொன்னார்கள், தகரம் அடிக்கச் சொன்னார்கள். மதிலுக்குக் காசு இல்லை என்பது உண்மை. ஆனால் காசு இருந்தாலும் நான் கட்டியிருக்க மாட்டேன். கதியால் வேலியில் குழை வெட்டி ஆட்டுக்குப் போடலாம், தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்க்கலாம், காற்று உள்ளே வரும். தகரம் வெக்கையைத்தான் உள்ளே தரும்.

மரத்துக்கு எங்கே போவது? வளவின் மூலையில் ஒரு பழைய பதுங்கு குழி மண்மூடிக் கிடந்தது. யார் வெட்டியது என்று தெரியவில்லை. மேலே பனங்குற்றிகளை அடுக்கியிருந்தார்கள். பெடியள் ஆறு பேர் இரண்டு நாள் நின்று அவற்றை வெளியே உருட்டினார்கள். நடுச்சோறு உக்கி மாவாகக் கொட்டியது. வெளிவைரம் கறுப்பாக, கோடாலியைத் திருப்பி எறிகிற மாதிரி இருந்தது. மரக்காலையில் கேட்டபோது, அறுக்க ஏலாது, உள்ளே எறிகணைச் செல் துண்டு இருந்தால் வாள் போய்விடும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது நியாயமான பயம்.

அப்போதுதான் தச்சுவேலை செய்யும் ஓடாவியார் ஐயா வந்தார். குற்றியைச் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் கை நின்றது. மரம் அந்த இடத்தில் கொஞ்சம் சிவந்து, துருப்பிடித்த நீர் வடிந்த தடம் மாதிரி ஒரு கோடு. உளியால் மெதுவாகத் தோண்டினார். பெருவிரல் நகமளவு இரும்பு, ஒரு பக்கம் கூர். அதை ஒன்றும் சொல்லாமல் என் கையில் வைத்துவிட்டு, அடுத்த குற்றிக்குப் போனார். அன்று மட்டும் ஐந்து துண்டுகள் எடுத்தார். பிறகு வாளைத் தொடவே இல்லை. ஆப்பு வைத்து நார் போன வழியே பிளந்தார். ஒன்பது தூண் கிடைத்தது. அடிப்பக்கம் ஒன்றரை முழத்துக்கு நெருப்பில் கருக்கச் சொன்னார். கழிவு ஒயில் பூசலாமே என்று கேட்டேன். "பக்கத்தில் கத்தரி நிற்கப்போகுது, தம்பி" என்றார். ஐயா, கூலி என்று கொடுத்ததை நீங்கள் வாங்கவில்லை. இந்தத் தோட்டத்து முதல் காய் உங்கள் வீட்டுக்குத்தான்.

அப்புவின் பூவரசுகளில் வெட்டிய ஐந்து கவர்க்கால்களும், இடிந்த வீட்டு நிலையின் இரண்டு மரங்களும் சேர்ந்து பதினாறு தூண் ஆயிற்று. நிலைமரங்கள் இப்போது படலைக்கால்கள். அதில் அம்மா எங்கள் உயரத்தைக் கத்தியால் கீறிய அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன. குறுக்கு வரிச்சுகள் எல்லாம், கூரை மாற்றிய ஒரு வீட்டுக்காரர் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பிய பழைய பனஞ்சலாகைகள். அவற்றில் இருந்த ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தித் தந்தவர்கள் ஒழுங்கைச் சின்னப்பிள்ளைகள். ஒரு பேணி நிறைய ஆணி! ஒன்றைக்கூட வீணாக்கவில்லை.

கிளுவையும் சீமைக்கிளுவையும் தந்த மாமிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தன் வேலியில் நின்ற நல்ல தடிகளாகப் பார்த்து வெட்டித் தந்தா. ஐப்பசி மழைக்கு முன்னர் ஊன்ற வேண்டும் என்று எங்களைக் கலைத்துக்கொண்டே இருந்ததும் அவதான். "அடித்து இறக்காதேங்கோ, தோல் உரிந்தால் வேர் வராது" என்று குழி குழியாக வந்து பார்த்தா. இன்று காலையில் எண்ணினேன், பாதிக்கு மேற்பட்ட கதியால்களில் தளிர் வந்திருக்கிறது.

கடைசியாக, அடுத்த வளவுப் பெரியையா. கறுக்குமட்டையை, அதாவது முள் விளிம்புள்ள பனைமட்டையை, வேலியில் வரிந்து கட்டுவதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. 78 வயதில் அவர் வேலிக்கு வெளியே நின்றார், நான் உள்ளே. நனைத்த தும்புக்கயிற்றைக் குத்தூசியில், அதாவது வேலி கட்டும் நீண்ட ஊசியில், கோத்து மட்டைகளுக்கு நடுவால் எனக்குத் தருவார். நான் வரிச்சைச் சுற்றித் திரும்பக் குத்திக் கொடுக்க வேண்டும். "இழு... இன்னும்... விடாதை." முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். முதல்நாள் என் கட்டுகள் எல்லாம் தளர்ந்தன. ஒன்றையும் அவர் அவிழ்க்கவில்லை, என்னைக் கொண்டே அவிழ்ப்பித்துத் திரும்பக் கட்ட வைத்தார். மூன்றாம் நாள் பின்னேரம், கட்டிய கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இது நிற்கும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் நூறு முழம் கட்டலாம்.

மாமி, கிணற்றடிப் பக்கம் வேலியில் ஒரு ஆள் நுழையப் பொட்டு, ஒரு இடைவெளி, விட்டிருக்கிறோம். அது தவறி விடுபட்டதில்லை, உங்களுக்காகவே விட்டது. சுற்றி வர வேண்டாம்.

தேத்தண்ணி கொண்டு வந்தவர்களையும், அலவாங்கு இரவல் தந்த வீட்டையும், முள்ளுக் குத்தியும் நிற்காமல் வேலை செய்த பெடியளையும் தனித்தனியாக எழுதாதது மறந்ததால் அல்ல.

பெரியையா, உங்கள் குத்தூசி எங்கள் கிணற்றடிக் கொட்டிலில் பத்திரமாக இருக்கிறது. சித்திரையில் உங்கள் மேற்கு வேலி அடைக்க வேண்டும் என்றீர்களே. அதோடு நானும் வருகிறேன். உள்ளுக்கு நிற்பதா வெளியில் நிற்பதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
பூவரசடி வளவுக் குடும்பத்தார்