டால்ட் விலா மேட்டில் கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள வீட்டுக்காரம்மாவுக்கும், கதீட்ரல் பெரியவருக்கும், ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும், மருந்துக்கடைப் பெண்ணுக்கும்,

வணக்கம். இதைத் தமிழிலேயே எழுதச் சொன்னது வீட்டுக்காரம்மாதான். "உங்கள் எழுத்திலேயே எழுதுங்கள், மிச்சத்தை என் கைப்பேசி பார்த்துக்கொள்ளும்" என்றார். கைப்பேசி எதை எப்படி மாற்றிக் கொடுக்குமோ, அது அவர் பாடு. நான் பொதுவில் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. "இபிசாவுக்கா? அதுவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டா?" என்று சிரித்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே நிறையப் பேர். ஸ்பெயினில் விடிய விடிய ஆட்டம் போடும் தீவு என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவர்களும் படிக்கட்டும்.

அம்மா தூத்துக்குடி. பனிமய மாதா கோவிலில் ஆகஸ்ட் 5 திருவிழா என்றால் வீட்டில் வேறு பேச்சே இருக்காது. நான் வேலைக்காக பார்சலோனாவில் இருக்கிறேன். குளிர்காலத்தில் அம்மா வந்திருந்தபோது, இபிசாவின் பழைய ஊரான டால்ட் விலாவின் உச்சியில் இருக்கும் கதீட்ரலும் பனி மாதாவுக்குத்தான், அங்கேயும் ஆகஸ்ட் 5-தான் திருவிழா என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "எய்யா, அப்ப நாம போய் ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்துருவோம்" என்றார்.

போனது பிப்ரவரியில். கேளிக்கைக் கூடங்கள் அக்டோபரோடு சாத்தினால் ஏப்ரல் கடைசி வாக்கில்தான் திறக்கும். பார்சலோனாவிலிருந்து இரவுக் கப்பல் ஏறினோம். காலையில் போதாஃபோக் துறையில் இறக்கிவிட்டார்கள். அங்கே நின்றால் எதிர்க்கரையில் ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. கீழே துறைமுகத்து வீடுகள், அதற்கு மேல் சாய்வான பெரிய மதில், மதிலுக்குள் ஒன்றின் தலையில் ஒன்றாக வெள்ளை வீடுகள், எல்லாவற்றுக்கும் மேலே கதீட்ரல் கோபுரம். குன்றின் மறுபக்கம் நேராகக் கடலுக்குள் இறங்கும் பாறை. அம்மா கோபுரத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கைப்பேசியைப் பார்த்தேன். பதிவு செய்திருந்த விடுதியிலிருந்து செய்தி: பராமரிப்பு வேலை, திறக்கவில்லை, பணம் திரும்ப வரும். பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. பணம் வந்துவிட்டது.

பெட்டியோடு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துவிட்டு, காபிக் கடைக்காரர் தனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு போன் போட்டார். (அவருக்கும் நன்றி. அந்தக் காபிக்குக் காசு வாங்கியிருக்கலாம்.) மதிலுக்கு வெளியே, மலையடிவாரத்தில் வீடு. குளிர்காலத்தில் ஆள் தங்காத மாடி அறையை ஒரு மணி நேரத்தில் துடைத்து, போர்வை போட்டு, அடுப்படியையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டார் வீட்டுக்காரம்மா. வாடகை கேட்டதற்கு ஒரு தொகை சொன்னார். சொன்ன வாயோடு அவராகவே குறைத்தும் விட்டார். பேரம் பேச உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

அம்மாவின் முட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் கொடுத்த யோசனைதான் எங்களுக்கு எல்லாமே. "ஏறுவது மூச்சுக்குக் கஷ்டம், இறங்குவது முட்டிக்குக் கஷ்டம். மேலே எவ்வளவு தூரம் வண்டி போகுமோ அவ்வளவு தூரம் வண்டியில் போங்கள். அப்புறம் இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் உட்காருங்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள்." வயதானவர்களோடு போகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உருண்டைக் கல் பாவிய தெரு, மழுமழுவென்று தேய்ந்திருக்கிறது. மழை பெய்திருந்தால் கைப்பிடி இல்லாமல் இறங்கவே கூடாது.

கதீட்ரல் பூட்டிக் கிடந்தது. குளிர்காலத்தில் நேரம் குறைவாம், கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் படியில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துவிட்டார். பாதி மணி உருட்டியிருப்பார், பக்கவாட்டிலிருந்து ஒரு பெரியவர் வாளியும் துடைப்பமுமாக வந்தார். எங்கள் பக்கம் கோயில்பிள்ளை என்போம், அந்த வேலை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், எங்கள் ஊரிலும் இதே மாதா, இதே திருவிழா நாள், கடலோரம், தங்கத்தேர் என்று கொட்டினேன். எல்லாம் புரிந்திருக்காது. "ஆகஸ்ட் ஐந்து?" என்று மட்டும் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சாவிக் கொத்தை எடுத்தார்.

பெரியவரே, அன்று நீங்கள் திறந்த கதவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. கோபுரம் பழைய கோத்திக் பாணி, இடைக்கால ஐரோப்பியக் கட்டட முறை. உள்ளே 18-ஆம் நூற்றாண்டில் மாற்றிக் கட்டிய வெள்ளைச் சுவர், அதிக அலங்காரம் இல்லை. எங்கள் ஊர்க் கோவிலின் விளக்குகளுக்கும் மாலைகளுக்கும் பழகிய அம்மா, "ரொம்ப எளிமையா வச்சிருக்காக" என்றார். அது பாராட்டா குறையா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு முன்வரிசையில் முட்டி போட முடியாமல் உட்கார்ந்தபடியே, "அருள் நிறைந்த மரியே" என்று தமிழில் வாய்விட்டு ஆரம்பித்தார். நீங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முடியும்வரை தூணோரமாக நின்றீர்கள். பனியையே அபூர்வமாகப் பார்க்கும் தீவில் பனி மாதா எப்படி என்று கேட்டேன். 1235-இல் பார்சலோனா பக்கத்துக் கத்தலான் படை முஸ்லிம் ஆட்சியிடமிருந்து ஊரைப் பிடித்தது ஆகஸ்ட் 8-ஆம் தேதி. அதற்கு மிக அருகில் வந்த மாதா திருநாள் ஆகஸ்ட் 5. அதனால் இந்த மாதா என்று சொன்னீர்கள். அம்மாவுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இப்போது தூத்துக்குடியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இறங்கும்போது வீட்டுக்காரம்மா சொன்னபடியே ஆயிற்று. மூன்றாவது திருப்பத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ பார்த்திருக்க வேண்டும், ஒரு நாற்காலி வந்தது. கொடுத்த கை மட்டும்தான் தெரிந்தது, முகம் பார்க்கவில்லை. நாயோடு நடை வந்த வாத்தியார் நின்று விசாரித்தார். "நான் இவரோடு இருக்கிறேன், நீங்கள் மருந்துக்கடைக்கு ஓடுங்கள், இரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள்" என்றார். ஸ்பெயினில் மத்தியானம் சின்ன ஊர்க் கடைகள் பூட்டினால் திறக்க ஐந்து மணியாகும். மருந்துக்கடைகளில் மட்டும் முறை வைத்து ஏதாவது ஒன்று திறந்திருக்கும், எது என்று மற்றக் கடைகளின் கதவில் எழுதிப் போட்டிருப்பார்கள். அந்த முறைக்கடை எங்கே இருக்கிறதோ, அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. நான் போய் நின்றபோது பச்சைச் சிலுவை விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

முட்டிக்குப் போடும் பட்டை வேண்டும் என்றேன். என்ன அளவு என்றார் அந்தப் பெண். நான் கையால் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அளவு தெரியாமல் இறுக்கமாகப் போட்டால் ரத்த ஓட்டம் தடைபடும். அம்மா எங்கே?" மேலே என்றேன். ஷட்டரை இறக்கினார், மூன்று அளவுப் பட்டையையும் அளவு நாடாவையும் பையில் போட்டுக்கொண்டு என்னோடு ஏறி வந்துவிட்டார். சாப்பாட்டு நேரம் அது. மேலே வந்ததும் தெருவிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, அம்மாவின் சேலைக் கரையை மெதுவாக ஒதுக்கி, முட்டிச் சில்லுக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளந்தார். வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தார். நடு அளவுப் பட்டைதான் சரியாக இருந்தது. போட்டுவிட்டு, எழுந்து நாலடி நடக்கச் சொன்னார். அம்மா நடந்து காட்டிவிட்டு, "நல்லா இருப்ப தாயி" என்று அவர் கன்னத்தைத் தடவினார். பட்டைக்கான விலை மட்டும் வாங்கிக்கொண்டார், ரசீதும் உண்டு. மகளே, அன்று நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள் என்று அம்மா இன்னும் என்னைக் கேட்கிறார்.

முட்டி கொஞ்சம் ஆறட்டும் என்று வாத்தியார் எங்களைச் சமதளமாகவே கூட்டிப்போய் மதில்மேல் உட்கார வைத்தார். அங்கேதான் எங்களுக்குப் பாடம். இந்த மதிலை நான் அதற்குமுன் அழகான பழைய சுவர் என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். துருக்கியர்களும் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரும் வந்து வந்து போன காலத்தில், 1550-களில், ஜியோவான்னி பாத்திஸ்தா கால்வி என்ற இத்தாலியப் பொறியாளர் திட்டம் போட்டது. பின்னால் ஃபிராத்தீன் என்பவர் விரிவாக்கி முடித்தார். கீழே பெரிய வாசலில் மன்னர் இரண்டாம் பிலிப்பின் சின்னத்தோடு 1585 என்று இருக்கிறது. தூத்துக்குடிக்கு மாதா சுரூபம், அதாவது சிலை, கப்பலில் வந்து இறங்கியது 1555-இல் என்பார்கள். அம்மா உடனே அதைச் சொல்ல, வாத்தியார் சட்டைப்பையிலிருந்து சீட்டெடுத்துக் குறித்துக்கொண்டார்.

மதில் ஏன் நேராக நிற்காமல் சாய்ந்திருக்கிறது என்று கேட்டேன். பீரங்கி வந்தபிறகு உயரமான மெல்லிய சுவருக்கு வேலை இல்லை, குண்டு பட்டால் சரிந்துவிடும். அதனால்தான் சாய்வு, தடிமன், உள்ளே மண் நிரப்பு. சரி, கூர்முனையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்கள் எதற்கு? மொத்தம் ஏழு இருக்கின்றன. அதற்கு வாயால் பதில் சொல்லாமல், நாயின் கயிற்றை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அந்த வயதில் விறுவிறுவென்று அடுத்த கொத்தளத்து முனைக்கு நடந்துபோய் அங்கிருந்து கையை ஆட்டினார். எட்டிப் பார்த்தேன். அவருக்கும் எனக்கும் நடுவே மதிலின் முகம் அடிவரை முழுசாகத் தெரிந்தது. ஏணி வைத்து ஏற வருகிறவன் ஒளிய ஓரடி நிழல்கூடக் கிடையாது. ஒரு கொத்தளத்தை இன்னொன்று காவல் காக்கிறது. எந்தப் பலகையில் படித்திருந்தாலும் எனக்கு இப்படி ஏறியிருக்காது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கை அது.

சந்த் பெர்னாத் கொத்தளத்திலிருந்து தெற்கே ஃபோர்மெந்தேரா தீவு தெரிகிறது. இரண்டு தீவுக்கும் நடுவே கடலடியில் பொசிடோனியா என்ற புல் மேடு மேடாக வளர்ந்து கிடக்கிறதாம். கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே செடியாகப் பரவியிருப்பதை 2006-இல் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு அந்தப் புல்லும் ஒரு காரணம். 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்த மதிலோடு அந்தப் புல்வெளியையும் சேர்த்துத்தான் சேர்த்தார்கள். குளிர்காலத்தில் கரையில் குவியும் காய்ந்த இலையைக் குப்பை என்று அள்ளச் சொல்லும் சுற்றுலாக்காரர்கள் மேல் வாத்தியாருக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

மற்றவர்களுக்குச் சுருக்கமாக. புய்க் தெஸ் மோலின்ஸ் குன்றில், பழங்காலக் கடலோடிகளான ஃபினீசியரும் கார்த்தேஜியரும் பாறையைக் குடைந்து வைத்த கல்லறைகளுக்குள் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி ஏற்றிய காவலருக்கு நன்றி. அந்தக் குழிகளில் சில, ஒரு கோவேறு கழுதை கால் உள்ளே போய்ச் சிக்கியதால் வெளியே தெரிந்தவை என்று நீங்கள் சொன்னபோது அம்மா கல்லறைகளை விட்டுவிட்டுக் கழுதை என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார். உப்பளம் பார்க்கப் போனபோது, திரும்பும் பேருந்தைத் தவறவிடாமலிருக்க நிறுத்தத்தில் எங்களுக்காகக் காத்து நின்ற ஓட்டுநருக்கும் நன்றி. ஃபினீசியர் காலத்திலிருந்து உப்பு எடுக்கும் இடம் அது. உப்பளத்து ஊர்க்காரியான அம்மா ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்து, "நல்ல உப்புதான்" என்று சான்றிதழே கொடுத்துவிட்டார். அதற்கு மேல் சொல்லவில்லை, ஊர்ப் பாசம்.

கடைசியாக மறுபடி வீட்டுக்காரம்மாவுக்கு. கிளம்புவதற்கு முந்தின நாள் நீங்கள் சமைத்துப் போட்ட புல்லித் தெ பெய்ஷ் மறக்காது. முதலில் மீனும் உருளைக்கிழங்கும் பூண்டுக் குழம்போடு, அப்புறம் அந்த மீன் வெந்த சாற்றிலேயே வெந்த சோறு. அம்மா முதல் வாயிலேயே "புளி இல்ல, மிளகா இல்ல" என்று என் காதில் முணுமுணுத்தார். இரண்டாவது தட்டையும் அவர்தான் காலி செய்தார். பதிலுக்கு அவர் உங்கள் அடுப்படியில் வைத்துக் கொடுத்த ரசத்தை நீங்கள் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டுப் பொடி கேட்டீர்கள் அல்லவா? அம்மா வீட்டில் வறுத்து அரைத்து அனுப்பியிருக்கிறார், அரைக் கிலோ, தபாலில் வருகிறது. புளி கிடைக்காவிட்டால் தக்காளியைக் கூடப் போட்டுக்கொள்ளுங்கள். பொடி போட்டபிறகு கொதிக்க விட வேண்டாம், நுரை கட்டி வரும்போதே இறக்கிவிடுங்கள். மருந்துக்கடைப் பெண்ணுக்கும் ஒரு டப்பா கொடுக்கச் சொன்னார் அம்மா.