கேஜில் (சுரங்க லிஃப்டில்) இறங்குமுன் படித்துக்கொள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஜெர்மனியில் சோண்டர்ஸ்ஹவுசன் பொட்டாஷ் உப்புச் சுரங்கத்துக்குள் மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று உன் தம்பி சொன்னான். 700 மீட்டர் ஆழம், அதற்குக் கட்டணம் வேறு! கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் எங்களை 3,000 மீட்டருக்கும் கீழே சம்பளம் கொடுத்து இறக்கினார்கள்.

அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறாள். கோபித்துக்கொள்ளாதே. கீழே ராக் பர்ஸ்ட், அதாவது அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பது, நடந்தால் தங்கவயலில் வீடே ஆடும், அலமாரிப் பாத்திரங்கள் உருளும். அவள் வாழ்க்கையில் ஓடிய ஓட்டமெல்லாம் வீட்டிலிருந்து ஷாஃப்ட் (சுரங்கக் குழி) வாசலுக்குத்தான். சுரங்கம் விளையாடுகிற இடமா என்று சித்தப்பாவும் கேட்கிறார். 1965இல் விஞ்ஞானிகள் நம் சுரங்கத்துக்குள் கருவிகளை இறக்கி, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பதிவு செய்தார்களே, அது மட்டும் தங்கம் வெட்டுகிற வேலையா? நீ போய் ஓடு.

ஆனால் ஒன்று. எங்கள் அடிமட்டங்களில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை அனுப்பியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும். உப்புச் சுரங்கத்தில் அந்தக் கொடுமை இல்லை, ஆனால் அங்குள்ள ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் நுழையாததால்தான் அந்த உப்பு 25 கோடி ஆண்டுகளாகக் கரையாமல் கிடக்கிறது. காற்றும் காய்ந்துதான் இருக்கும். வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்து ஓடிக்கொண்டிருப்பாய். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே. பாதை மேடும் பள்ளமுமாக இருக்குமாம், முதல் சுற்றிலேயே மூச்சைச் செலவழித்துவிடாதே. கேஜ் இறங்கும்போது காது அடைக்கும், எச்சிலை விழுங்கு.

நாங்கள் வேலை தொடங்குமுன் இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்போம். கணீர் என்று கேட்டால் பாறை கெட்டி. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், எந்த நேரமும் பெயரும். உடனே ஒதுங்கி நின்று அதை நெம்பித் தள்ளிவிடுவோம். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் தட்டாமல் யாரும் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார்கள். உனக்காக அங்கே யாராவது தட்டிப் பார்த்திருப்பார்கள். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: கயிறு கட்டி அடைத்த பக்கம், படம் எடுக்கிறேன் என்று போகாதே.

எனக்குப் பொறாமையும் இருக்கிறது, மறைப்பானேன்? அந்தச் சுரங்கத்திலும் பொட்டாஷ் உற்பத்தி 1991இலேயே நின்றுவிட்டது. ஆனாலும் கேஜ் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். நம்முடையதை 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். பம்புகள் நின்றன, தண்ணீர் ஏறியது. நான் வேலை பார்த்த மட்டத்தை உனக்குக் காட்ட வேண்டுமென்றால் இனி முங்கித்தான் போக வேண்டும்.

ஹெல்மெட் இல்லாமல் ஓட விடமாட்டார்களாம், நல்லது. சைக்கிள் ஹெல்மெட் போதும் என்றாலும் கடன் வாங்காதே, உன் தலைக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்கு. தாடைப் பட்டையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. மேலே ஏறியதும் முதல் போன் அம்மாவுக்கு. படம் எடுத்தால் எனக்குக் கூரையைப் படம் எடுத்து அனுப்பு. ஓடுகிறவர்கள் முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அன்புடன்,
அப்பா