ஹென்ரிக் தோமாஷெவ்ஸ்கிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோமாஷெவ்ஸ்கி ஐயா,

போலந்தின் போஸ்டர் ஓவியரான நீங்கள் 2005-லேயே போய்விட்டீர்கள். இருந்தாலும் இதை உங்களிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. பிழைப்புக்குப் புத்தக அட்டை போடுகிறவன் நான். உங்கள் ஊர் போஸ்டர்களைப் பார்த்துத்தான் இந்த வேலையின் மேல் ஆசையே வந்தது.

போலந்து போஸ்டர் என்றதும் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: தணிக்கை இருந்தது, அதனால் கலைஞர்கள் பூடகமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்று. எனக்கு இது உறுத்துகிறது. வார்சாவின் மிசியா தெருவில் உட்கார்ந்திருந்த தணிக்கை அதிகாரிகளுக்கா இந்தப் புகழ் போக வேண்டும்? தணிக்கை சுற்றியிருந்த கம்யூனிஸ்ட் நாடுகள் எல்லாவற்றிலும்தான் இருந்தது.

போர் முடிந்த கையோடு அரசுத் திரைப்பட நிறுவனம் போஸ்டர் கேட்டு வந்தபோது, நீங்களும் ஓவியர் எரிக் லிபின்ஸ்கியும் 'எங்கள் விருப்பப்படிதான் வரைவோம்' என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். படம் போடுவது அரசு என்பதால், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போஸ்டரை யாரும் குறை சொல்லப்போவதில்லை. நடிகரின் முகத்தைப் பெரிதாகப் போடு என்று நச்சரிக்கவும் ஆளில்லை. 1948-ல் வியன்னா கண்காட்சியில் உங்களுக்கு ஐந்து முதல் பரிசுகள்! அடுத்த வருடமே சோஷலிச யதார்த்தவாதம், அதாவது கட்சிக் கொள்கையைப் போற்றும் பாணியில்தான் வரைய வேண்டும் என்று கழுத்தைப் பிடித்தார்கள். வேலை கொடுத்ததும் அதே அரசு, கையைக் கட்டியதும் அதே அரசு. 1956-ல் ஸ்டாலின் காலக் கெடுபிடி தளர்ந்த அப்புறம்தான் மூச்சு விட முடிந்தது.

உங்களிடம் உதவியாளராக இருந்த யான் லெனிட்சா, 1964-ல் 'வொட்செக்' ஓபராவுக்கு வரைந்த போஸ்டரைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். சிவப்பில் ஒரு முகம். வாய் திறந்திருக்கிறது. அந்த வாயிலிருந்து கோடுகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாகக் கிளம்பி, கல் விழுந்த குளம் மாதிரி முகத்தையே அலை அலையாக்கிவிடுகின்றன. கதை தெரியாதவனுக்கும் அந்த அலறல் கேட்கும். 1966-ல் வார்சாவின் முதல் சர்வதேச போஸ்டர் பியனாலேயில் (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சி) அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. நாஜிகள் தலையெடுத்த காலத்து பெர்லின் இரவு விடுதிக் கதையான 'காபரே' படத்துக்கு விக்டர் குர்கா 1973-ல் செய்ததும் அப்படித்தான்: கறுப்புக் காலுறை போட்ட நான்கு கால்கள் மடங்கி நாஜிகளின் ஸ்வஸ்திகா ஆகிவிடுகின்றன. பொழுதுபோக்கும் பயங்கரமும் ஒரே உருவத்தில்.

அப்புறம் 1989 ஜூன் 4: கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்த சோலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கம் போட்டியிட்ட தேர்தல். நீங்கள் 1952 முதல் 1985 வரை பாடம் நடத்திய அதே வார்சா நுண்கலைக் கழகத்தின் மாணவர் தொமாஷ் சர்நெட்ஸ்கி, 'ஹை நூன்' என்ற ஹாலிவுட் கவ்பாய் படத்தில் ஷெரிப்பாக நடந்து வரும் நடிகர் கேரி கூப்பரைத் தேர்தல் போஸ்டருக்கு எடுத்துக்கொண்டார். துப்பாக்கி இருக்க வேண்டிய கையில் வாக்குச்சீட்டு. நெஞ்சில் ஷெரிப் நட்சத்திரத்துக்கு மேலே சோலிடாரிட்டி சின்னம். தேர்தலன்று காலை வார்சா சுவர்களில் அது ஒட்டியிருந்தது.

அதன் பிறகு சந்தை வந்தது. விநியோகஸ்தர்கள் நடிகர்களின் முகங்களோடு தயார் போஸ்டர்களைக் கொண்டுவந்தார்கள். உங்கள் மாதிரிப் போஸ்டர்களுக்குச் சினிமாவில் இருந்த இடம் சுருங்கிப்போனது.

ஐயா, உங்களுக்கு அன்று 74 வயது. ஓட்டுப் போடப் போகும் வழியில் அந்தக் கூப்பரைப் பார்த்தீர்களா? ஒரு நிமிடம் நின்றீர்களா?

அன்புடன்,
ஓர் அட்டை ஓவியன்